ஆப்பில் அரை கிலோ வஞ்சிரம் 750 ரூபாய், உக்கடத்தில் முழு மீன் கிலோ 900: எது லாபம்? ரெண்டு வாரத்துக்கு வாங்கி வைக்கலாமா?

சிறுவாணித்தண்ணி (கேள்வி)

கோவைங்க. வீட்டில் பெரியவங்க ரெண்டு, பள்ளிக்கூடம் போற பசங்க ரெண்டு. இதுவரைக்கும் ஞாயித்துக்கிழமை உக்கடம் மார்க்கெட்தான். இப்ப அபார்ட்மென்ட்டில் பாதி வீட்டுக்கு மீன் ஆப்பில்தான் வருது. வெட்டி, கழுவி, கவர் போட்டு வாசல்லயே கொடுத்துடறாங்க. மாறலாமான்னு யோசனை. அதுக்கு முன்னால சில சந்தேகங்கள்.

முழு வஞ்சிரம் மார்க்கெட்டில் கிலோ 900. ஆப்பில் சுத்தம் பண்ணின துண்டு 500 கிராம் 750. பார்த்தா பாதிக்குப் பாதி வித்தியாசம் மாதிரி இருக்கு. உண்மையிலேயே அவ்வளவா?

ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை மொத்தமா வாங்கி ஃப்ரீசரில் வெச்சா ருசி போகுமா? சாதாரண டபுள் டோர் ஃபிரிட்ஜ்தான்.

உரிச்ச இறால் பாக்கெட் அரை கிலோ வாங்கி வாணலியில போட்டா தண்ணியா விட்டு, கைப்பிடி அளவுதான் மிஞ்சுது. ஏன்?

கடைசியா, மீன்பிடித் தடைக்காலத்துலயும் ஆப்பில் "இன்று பிடித்த மீன்"னு போடறாங்களே, அது எங்கிருந்து வருது?

தராசுத்தட்டு

விலைக் கணக்கை மட்டும் நான் சொல்லிவிடுகிறேன். முழு மீன் விலையையும் துண்டு விலையையும் நேருக்கு நேர் வைக்கக் கூடாது. சட்டியில் விழும் எடைக்கு என்ன விலை என்று பார்க்க வேண்டும்.

2 கிலோ வஞ்சிரம் ஒன்று எடுக்கிறீர்கள், 1,800 ரூபாய். வெட்டுக்கூலி ஒரு 60. தலை பத்திலிருந்து பன்னிரண்டு சதவீதம் போகும். குடல், துடுப்பு, வால், ரத்தம் எல்லாம் சேர்ந்து இன்னொரு அவ்வளவு. துண்டாக நிற்பது சுமார் 1 கிலோ 550 கிராம். 1,860-ஐ 1.55-ஆல் வகுத்தால் கிலோ 1,200 ரூபாய். ஆப்பில் கிலோ 1,500. ஆக வித்தியாசம் 300, நீங்கள் நினைத்த 600 இல்லை. தலையையும் வாலையும் குழம்புக்கு வைத்துக்கொள்கிற வீடு என்றால் மார்க்கெட்டுக்கு இன்னும் கொஞ்சம் லாபம். கால் கிலோ குழம்பு மீன் சும்மா வந்த மாதிரி.

இந்தக் கணக்கு மீனுக்கு மீன் மாறும். வஞ்சிரம் தலை சிறுத்த மீன், அதனால் கழிவு குறைவு. சங்கராவைத் தலை தள்ளி வாங்கினால் கிலோவுக்கு 550 கிராம் நின்றாலே பெரிது. தலையோடு, செதிலும் குடலும் மட்டும் எடுத்தால் 800-க்கு மேல் நிற்கும். மத்தி தலையும் குடலும் போக 600, 650. தலையோடு இருக்கும் இறால் 1 கிலோ உரித்து நரம்பு எடுத்தால் 500, மிஞ்சினால் 550. கணவாய் 650-லிருந்து 700. நண்டில் சதை மட்டும் பார்த்தால் முப்பது சதவீதம்தான், அதை உரித்துக் கொடுக்கச் சொல்லி வாங்குவது வீண் செலவு.

ஆப்பில் கிராஸ், நெட் என்று இரண்டு எடை போடுவார்கள். நெட்தான் உங்கள் கைக்கு வருவது. வஞ்சிரத்துக்கு கிராஸ் 640, நெட் 500 என்று இருந்தால் நியாயம். அதுவே சங்கராவுக்கு கிராஸ் 640, நெட் 500 என்றிருந்தால் தலையும் அந்த 500-க்குள் இருக்கிறது என்று அர்த்தம். "தலையுடன்" என்ற சொல் அந்தப் பக்கத்தில் எங்கோ பொடி எழுத்தில் இருக்கும், தேடுங்கள்.

நாலு பேருக்கு வறுவல் துண்டு 600 கிராம், முள்ளில்லாத சதையோ உரித்த இறாலோ 450 முதல் 500, மத்தி மாதிரிப் பொடி மீன் முழுசாக 1 கிலோ. இதற்கு மேல் வாங்கினால் மிச்சம் ஃபிரிட்ஜில்தான் கிடக்கும்.

ஐஸ்பெட்டி

ஃப்ரீசர் கேள்விக்கு வருவதற்கு முன் "ஃப்ரெஷ்" என்ற சொல்லைக் கொஞ்சம் உடைத்துப் பார்க்கணும். காசிமேட்டிலிருந்து போகும் பெரிய விசைப்படகுகள் பல நாள் கடலில் தங்கித்தான் திரும்பும், தங்கல் என்பார்கள். முதல் நாள் ஏறின மீன் கரைக்கு வரும்போதே ஒரு வாரம் ஐஸில் இருந்திருக்கும். தூத்துக்குடி விசைப்படகு காலையில் போய் அன்று இரவே திரும்புகிறது. ஃபைபர் படகும் அப்படித்தான். இவை எல்லாமே கடைப்பலகையில் ஒரே "ஃப்ரெஷ்"தான். அதோடு கோவைக்கு எந்தக் கரையிலிருந்து வந்தாலும் ஒரு இரவு லாரியில் கழியும். நல்ல ஐஸில் வந்த அஞ்சு நாள் மீன், வெயிலில் ரெண்டு மணி நேரம் கிடந்த அதே நாள் மீனைவிட மேல். ஆகவே நாளை எண்ணுவதைவிட ஐஸ் விட்டுப்போச்சா என்று பார்ப்பதுதான் முக்கியம்.

முழு மீனில் கண் உப்பலாகத் தெளிவாக இருக்கணும், செவுள் சிவந்திருக்கணும், அமுக்கினால் குழி எழும்பணும். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆப்பில் வருவது துண்டு, அதில் கண்ணும் இல்லை செவுளும் இல்லை. அங்கே மூன்று இடம் பாருங்கள். நடுமுள்ளை ஒட்டின சதை: முள்ளை இறுகப் பிடித்திருக்கணும், தானாகப் பிரிந்து இடைவெளி விட்டிருந்தால் பழசு. தோலுக்கு அடியில் ஓடும் கருஞ்சதை: சிவப்பு அல்லது அடர் சிவப்பாக இருக்கணும், மண் நிறத்துக்குப் போயிருந்தால் திருப்பிக் கொடுங்கள். மூன்றாவது கவருக்கு அடியில் தேங்கின தண்ணீர்: ரெண்டு மூணு ஸ்பூன் பரவாயில்லை, கவரே மிதந்தால் எங்கோ உறைந்து உருகின சரக்கு. கூட வரும் ஜெல் பாக்கெட் கல்லு மாதிரியோ, குறைந்தது பாதியாவது கெட்டியாகவோ இருக்கணும். முழுசாக இளகி வந்தால் மீனைத் தொட்டுப் பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்கள்.

இப்ப ஃப்ரீசர். வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரிக்குப் போனாலும் மெதுவாகத்தான் உறைய வைக்கும். மெதுவாக உறைந்தால் சதைக்குள் ஐஸ் பெரிய பெரிய படிகமாக வளர்ந்து தசையைக் கிழிக்கும். உருகும்போது அந்தக் கிழிசல் வழியாகத் தண்ணீரும் ருசியும் வெளியே போகும். அதைக் குறைக்க ஒரே வழி, சீக்கிரம் உறைய வைப்பது.

துண்டைக் கழுவி வடிகட்டியில் பத்து நிமிஷம் வைத்து, டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். ஒரு வேளைக்கு ஒரு ஜிப் கவர், அடுக்காமல் ஒரே வரிசையாக, ரெண்டு மூணு சென்டிமீட்டர் கனத்துக்கு மேல் போகாமல். வாயை ஓரத்தில் கொஞ்சம் திறந்து வைத்துக் கவரை ஒரு வாளித் தண்ணீரில் மெல்ல இறக்கினால் காற்று தானாக வெளியேறும், அப்படியே மூடிவிடுங்கள். முன்னாடியே ஃப்ரீசரில் குளிர வைத்த எவர்சில்வர் தட்டின் மேல் படுக்கப் போடுங்கள். பிளாஸ்டிக் டப்பாவில் போட்டால் உறைய ரெண்டு மடங்கு நேரம் ஆகும். 50 லிட்டர் ஃப்ரீசரில் ஒரே நாளில் 2 கிலோவுக்கு மேல் பச்சை மீனை வைக்காதீர்கள். ஏற்கெனவே உறைந்ததும் இளகி, புதுசும் உறையாமல், ரெண்டும் கெடும். மறுநாள் கெட்டியான பிறகு கவர்களைப் புத்தகம் மாதிரி நிமிர்த்தி அடுக்கிக்கலாம்.

வஞ்சிரம் ஆறிலிருந்து எட்டு வாரம், கொடுவா, சங்கரா, பாறை மூணு மாசம் தாங்கும். உங்களுக்கு ரெண்டு வாரம் என்றால் கவலையே வேண்டாம். தேதியைக் கவரில் எழுதுங்கள், மூணாவது வாரம் எது எந்த மீன் என்றே தெரியாது.

சிறுவாணித்தண்ணி

தராசுத்தட்டு, ஐஸ்பெட்டி, ரெண்டு பேருக்கும் நன்றிங்க. மத்தி, அயிலையும் இதே மாதிரி வைக்கலாமா? மசாலா தடவியே வெச்சா காலையில நேரா தோசைக்கல்லுல போட வசதியா இருக்குமேன்னு ஒரு எண்ணம்.

மண்சட்டி

மத்தியும் அயிலையும் எண்ணெய் மீன். ஃப்ரீசரில் கெட்டுப்போகாது, ஆனால் அந்த எண்ணெய் காற்றுப் பட்டுச் சிக்கடிக்கும். மூணு நாலு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். உப்பு போட்ட மசாலா தடவி வைத்தால் சிக்கு இன்னும் சீக்கிரம் வரும், உப்பு அதைத் தூண்டிவிடும், சதைத் தண்ணீரையும் வெளியே இழுக்கும். எலுமிச்சை தடவினால் மேல் சதை வெந்த மாதிரி வெளுத்து, பொரிக்கும்போது உதிரும். மஞ்சள், மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு விழுது தடவி வையுங்கள். உப்பும் புளிப்பும் கல்லில் போடுவதற்கு அரை மணி நேரம் முன்னால் போதும்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லணும். அயிலை, மத்தி, சூரை இந்த மூன்றிலும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். குளிர் விட்டுப்போனால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அதற்கப்புறம் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது, ஃப்ரீசரில் வைத்தாலும் போகாது. மீன் பார்க்க நன்றாகவே இருக்கும், நாற்றமும் வராது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலை வலிக்கும். பலர் "எனக்கு மீன் அலர்ஜி" என்று முடிவு கட்டுவது இதை வைத்துத்தான். வாயில் வைத்ததும் மிளகு கடித்த மாதிரிச் சுருக்கென்று இருந்தால் துப்பிவிடுங்கள். மார்க்கெட்டில் இந்த மீன்களை வாங்கி, வண்டி ஹேண்டில்பாரில் கவரை மாட்டிக்கொண்டு இன்னும் ரெண்டு கடை ஏறி இறங்கும் பழக்கம் இருந்தால் விடணும். ஒரு சின்னத் தெர்மோகோல் பெட்டி, கிலோ மீனுக்கு அரை கிலோ உடைத்த ஐஸ். மீன்காரரிடம் கேட்டாலே அள்ளிப் போடுவார்.

உருக வைப்பது முதல் நாள் ராத்திரியே ஃபிரிட்ஜ் கீழ்த்தட்டில். மறந்துவிட்டால், கவரோடு பச்சைத் தண்ணீரில் முக்கி வையுங்கள். அரை கிலோ மெல்லிசுக் கவர் முக்கால் மணி நேரத்தில் இளகும், நடுவில் ஒரு தடவை தண்ணீர் மாற்றணும். வெந்நீர் கூடாது, ஓரம் வெந்து நடு கல்லாகவே இருக்கும். உருகினதைத் திரும்ப உறைய வைக்கவும் கூடாது.

தள்ளுவண்டி

எல்லாம் சரி, ஆனா ஃப்ரீசர் மீன்னா மருந்து போட்டதுதானே? மார்க்கெட்லயாவது கண்ணால பார்த்து வாங்கலாம். மீன் கெடாம இருக்க ஃபார்மலின்னு ஒரு ரசாயனம் தடவின விவகாரம் மறந்துபோச்சா?

ஐஸ்பெட்டி

மறக்கவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், ஃபார்மலின் தடவுவதே ஐஸ் செலவை மிச்சம் பிடிக்கத்தான். மைனஸ் 18-ல் கிடக்கும் மீனுக்கு அது தேவையே இல்லை. ஐஸ் சரியாகப் போடாமல் தூரம் கடத்தும் சரக்கில்தான் அந்த வேலை நடக்கும். 2018-ல் கேரளத்தில் பிடிபட்டது அப்படி வெளி மாநிலங்களிலிருந்து லாரியில் வந்த மீனில்தான். சதை ரப்பர் மாதிரி விறைத்து, மீன் வாசமே இல்லாமல், செவுள் மட்டும் வெளிறிக் கிடந்தால் சந்தேகப்படலாம். கொச்சியில் இருக்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் காகிதப் பட்டை மாதிரி ஒரு சோதனைக் கிட் உருவாக்கியிருக்கிறது. பட்டையை மீன் மேல் தேய்த்து ஒரு சொட்டு மருந்து விட்டால் நிறம் காட்டும்.

இன்னொன்று, சுறா, திருக்கையில் அம்மோனியா நெடி அடித்தால் யாரோ மருந்து ஊற்றினதாகச் சொல்வார்கள். அந்த மீன்களின் ரத்தத்திலும் சதையிலும் இயல்பாகவே யூரியா உண்டு. ஐஸ் குறைந்தால் அது உடைந்து அம்மோனியா ஆகிறது. மருந்து இல்லை, பழசு. வாங்க வேண்டாம் என்பதில் மாற்றமில்லை.

வரிஇறால்

இறால் கேள்வி அப்படியே நிற்கிறது, எடுத்துக்கொள்கிறேன்.

கடையில் இன்று கிடைப்பதில் பெரும்பாலும் பண்ணையில் வளர்க்கும் வனாமி என்ற இறால் வகை. 2009-ல் அனுமதி வந்த பிறகு டைகர் இறால் குளங்களை இதுதான் பிடித்துக்கொண்டது. வனாமி சுருங்கும் மீன் இல்லை, பாக்கெட்டில்தான் விஷயம் இருக்கிறது. ரெண்டு வகையில் தண்ணீரை விலைக்கு விற்கலாம். ஒன்று, உறைந்த இறாலின் மேல் ஐஸ் பூச்சு. அது வறண்டு போகாமல் காக்க வேண்டியதுதான், ஆனால் பூச்சு நீங்கலாகத்தான் நெட் எடை போடணும். வீட்டிலேயே பார்க்கலாம். பாக்கெட் இறாலை வடிகட்டியில் கொட்டி, பச்சைத் தண்ணீர்க் குழாயடியில் மேல் ஐஸ் கரையும் வரை மட்டும் காட்டுங்கள். இறால் இன்னும் விறைப்பாகவே இருக்கணும். ரெண்டு நிமிஷம் வடியவிட்டு, ஒற்றி, எடை போடுங்கள். 500-க்கு 400 நின்றால் நூறு கிராம் தண்ணீருக்குக் காசு கொடுத்திருக்கிறீர்கள்.

ரெண்டாவது பாஸ்பேட் கரைசலில் ஊற வைப்பது. இறால் சதை தண்ணீரைப் பிடித்து உப்பிக்கொள்ளும். பச்சையிலேயே கண்ணாடி மாதிரி வழவழவென்று சோப்புத் தொட்ட உணர்வு வரும். வாணலியில் போட்டதும் வெள்ளை நுரையோடு தண்ணீர் கக்கும். நீங்கள் சொல்வது இதுதான் என்று நினைக்கிறேன். பாக்கெட் பின்னால் சேர்மானத்தில் 451 அல்லது 452 என்ற எண்ணோ, பாலிபாஸ்பேட் என்ற சொல்லோ இருக்கிறதா பாருங்கள். "இறால்" என்று ஒரே ஒரு சொல் மட்டும் இருக்கும் பாக்கெட்டை எடுங்கள்.

முடிந்தால் ஓட்டோடு வாங்குங்கள். மார்க்கெட்டில் கிலோவுக்கு எத்தனை என்றுதான் தரம் சொல்வார்கள், 30 கவுண்ட், 40 கவுண்ட் என்று. தொக்குக்கு 50, 60 கவுண்டே போதும், 30 வாங்கித் தொக்கில் போட்டு மறைப்பது அநியாயம். சேமிக்கிறதானால் தலையை மட்டும் கிள்ளிவிடுங்கள். தலைக்குள் இருக்கும் செரிமான நொதிகள்தான் சதையைக் குழைய வைக்கும். ஓட்டோடு ஒரு டப்பாவில் போட்டு மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி ஐஸ்கட்டியாகவே உறைய வையுங்கள், காற்றே படாது. ஓட்டில் கறுப்புப் புள்ளி வந்தால் பயப்பட வேண்டாம், வெட்டின வாழைக்காய் கறுப்பது மாதிரி அதுவும் நொதி வேலைதான். நெடி இருக்கிறதா, சதை குழைகிறதா என்பதை வைத்து முடிவு பண்ணுங்கள்.

சமைக்கும்போது மசாலா சுண்டி எண்ணெய் பிரிந்த பிறகு இறாலைப் போட்டு மூணு நாலு நிமிஷம். அரை வட்டமாக வளைந்தால் வெந்தது, முழு வட்டமாகச் சுருண்டால் ரப்பர்.

முத்துநகர்

தடைக்காலத்துக்கு நான் சொல்லுதேன். நம்ம கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். முன்னால 45 நாளா இருந்தது, 2017-ல கூட்டினாங்க. மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31. கேரளா தன் கடல் எல்லைக்குள்ள ஜூன் 9 நள்ளிரவுல தொடங்கி 52 நாள் வைக்குது. குமரி மாவட்டத்துலயே குளச்சல், முட்டம் பக்கம் மேற்குக் கணக்குதான்.

கோவைக்கு ரெண்டு கரைச் சரக்கும் வரும்லா, அதனால உங்களுக்கு மே முடியுற வரைக்கும் மங்களூரு, கேரளா விசைப்படகு மீன் கிடைக்கும். ஜூன் 15-க்கு மேல நம்ம கரை திறந்துரும். நடுவுல ஜூன் முதல் ரெண்டு வாரம்தான் ரெண்டு பக்கமும் இறுக்கம். அந்தப் பதினாலு நாள்ல பெரிய வஞ்சிரம் துண்டை "இன்று பிடித்தது"ன்னு போட்டா பெரும்பாலும் குளிர்கிட்டங்கிச் சரக்குதான். தப்பில்ல, ஆனா ஃப்ரெஷ் விலை கொடுக்காதீங்க. அதை வாங்கி வீட்டுல இன்னொரு தடவை உறைய வைக்கவும் வேண்டாம்.

தடை விசைப்படகுக்கு மட்டும்தான். ஃபைபர் படகு, வள்ளம், கட்டுமரம் போகலாம். அதனால கரையோர மீனான நெத்திலி, காரப்பொடி, கிழங்கான், சின்னச் சங்கரா எல்லாம் உண்மையிலயே அன்னன்னைக்குப் பிடிச்சதா இருக்கும். உங்க ஊருக்குப் பவானிசாகர், ஆழியாறு டேம் மீன் பக்கம். கட்லா, ரோகு, ஜிலேபி. ஒரு நாள் லாரிப் பயணமும் மிச்சம். குளத்து மீன்ல மண்வாசம் வந்தா புளித்தண்ணியில கால் மணி நேரம் ஊறப் போட்டு அலசுங்க, அடங்கிரும்.

பேர்லயும் கவனம். எங்க தூத்துக்குடிப் பக்கம் சீலான்னா அது உங்க வஞ்சிரம், குமரிப் பக்கம் நெய்மீன். சென்னையில சீலான்னு கேட்டா ஊளியை எடுத்துக் குடுப்பான். ஆப்புல பேரைப் பார்க்காம, தோல் தெரியுற படத்தைப் பாருங்க. வஞ்சிரம் வெள்ளித் தோல், செதில் கண்ணுக்கே தெரியாது, பக்கவாட்டுல புள்ளியோ கோடோ இருக்கும். தோலுரிச்ச வெள்ளைத் துண்டுக்கு வெறுமனே "போன்லெஸ் ஃபிஷ்"னு மட்டும் போட்டிருந்தா பெரும்பாலும் பாசா, அது குளத்து மீன். பசங்களுக்கு ஃபிஷ் ஃபிங்கருக்குச் சரி, புளிக்குழம்புல போட்டா கரைஞ்சு போயிரும்.

சிறுவாணித்தண்ணி

அண்ணாச்சி, சீலா குழப்பம் இப்பத்தான் தீர்ந்தது. கடைசியா ஒண்ணுங்க. ஆப்பில் காற்று உறிஞ்சின கவர்ல வருது, அதை அப்படியே ஃப்ரீசர்ல வெச்சு அப்படியே உருக்கலாமா? பவர் கட் ஆனா எத்தனை மணி நேரம் தாங்கும்?

மண்சட்டி

அப்படியே வைக்கலாம், அப்படியே உருக்கக் கூடாது. ஃபிரிட்ஜில் இறக்கும்போது கவரின் ஒரு ஓரத்தைக் கத்தரித்துவிடுங்கள். காற்றில்லாத இடத்தில் குளிரிலும் வளர்ந்து விஷம் உண்டாக்கும் ஒரு பாக்டீரியா இருக்கிறது. கவர் திறந்திருந்தால் அதற்கு வழியில்லை. உறைய வைக்காமல் ஃபிரிட்ஜிலேயே வைப்பதாக இருந்தால் மறுநாளைக்குள் சமைத்துவிடுங்கள்.

பவர் கட்டுக்கு, கதவைத் திறக்காமல் வைத்தால் நிரம்பின ஃப்ரீசர் சுமார் ரெண்டு நாள், பாதி நிரம்பினது ஒரு நாள் தாங்கும். வெளியூர் போகும்போது ஒரு டம்ளர் தண்ணீரை உறைய வைத்து, அதன் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் சரி. அடியில் போய் உறைந்திருந்தால் நடுவில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது, எவ்வளவு விலை கொடுத்த வஞ்சிரமாக இருந்தாலும் தூக்கிப் போடுங்கள்.